டப்ளின் கோட்டைக்கு வந்த கடிதங்கள்

திங்கள், டப்ளின்

அயர்லாந்தின் பழைய அரசு ஆவணங்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்து சாம்பலானது. உள்நாட்டுப் போர் தொடங்கிய முதல் வாரம் அது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கலகத்தின் கடிதங்கள் தப்பின, ஏனென்றால் அவை அங்கே வைக்கப்பட்டிருக்கவில்லை. லிஃபி ஆற்றின் தென்கரையில் டப்ளின் கோட்டையின் ஆவணக் கோபுரத்தில் தனியாகக் கிடந்தன. இன்று பிஷப் வீதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு யாரும் படிக்கலாம்.

நான் வருவாய்த்துறையில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தைக் கலைக்கப் படையை இறக்க வேண்டுமானால் நிர்வாக நடுவர் உத்தரவிட வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தரப்படும் பாடம். பின்னாளில் விசாரணை ஆணையம் அமைந்தால் அங்கே எழும் முதல் கேள்வியும் அதுதான்: உத்தரவிட்டது யார்? மற்றவர்கள் கின்னஸ் ஆலையைப் பார்க்க வரிசையில் நிற்கும்போது நான் இந்தக் காப்பகத்துக்கு வந்ததன் காரணம் இவ்வளவே.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1791இல் பெல்ஃபாஸ்டில் 'ஐக்கிய அயர்லாந்தியர்' சங்கம் தொடங்கியது. கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்டுகளையும் ஒன்றாகத் திரட்டி, பிரெஞ்சுப் புரட்சியின் வழியில் லண்டனின் பிடியிலிருந்து விடுபடுவது என்பதாக அதன் நோக்கம் வளர்ந்தது. 1796 டிசம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை பேன்ட்ரி விரிகுடா வரை வந்து, புயலால் கரையேற முடியாமல் திரும்பியது. அதன்பிறகு பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் இருந்தவர்களுக்குத் தூக்கம் இல்லை. நாடெங்கும் இருந்த மாஜிஸ்திரேட்டுகள், தளபதிகள், பாதிரியார்கள், ஒற்றர்கள் எல்லோரும் கோட்டைக்கு எழுதிக் குவித்தார்கள். பெரும்பாலான கடிதங்களின் சாரம் ஒன்றுதான்: எங்கள் ஊர் பற்றி எரியப்போகிறது, உடனே படை அனுப்புங்கள்.

அந்தக் காலத்துக் கடிதங்களில் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தது பிரிகேடியர் ஜான் நாக்ஸ் எழுதியது. 1797 மார்ச். வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கும் வேலை ஜெனரல் ஜெரார்டு லேக்கிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. டங்கானனில் இருந்த நாக்ஸ், பதிவு செய்யப்படாத ஆயுதங்கள் மிகுந்த ஒரு வட்டாரத்தைச் சோதனையிடத் திட்டம் வகுத்திருப்பதாக லேக்குக்குத் தெரிவிக்கிறார். ஆயுதங்கள் அதிகம் கிடைக்கும் என்று நம்பி இதைச் செய்யவில்லை, அரசை ஆதரித்த புராட்டஸ்டண்டுச் சங்கத்தாரான ஆரஞ்சுக்காரர்களுக்கும் ஐக்கிய அயர்லாந்தியருக்கும் இடையிலுள்ள பகையை வளர்ப்பதற்காகவே செய்கிறேன் என்று தாமாகவே விளக்கமும் கொடுக்கிறார். லேக் பதறவில்லை. தலைமைச் செயலாளர் தாமஸ் பெல்ஹாமுக்கு அதை அனுப்பிவைத்தார்.

இரண்டு சாதியாரை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது ஆட்சியாளர்களுக்குப் புதிதல்ல. அதைக் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பும் துணிச்சல்தான் புதிது. நான் பார்த்த அலுவலகங்களில் இந்த வகைச் செய்தி தொலைபேசியில் மட்டுமே வரும்.

செவ்வாய், டப்ளின்

காலையில் கோட்டையைச் சுற்றிப் பார்த்தேன். கோட்டை என்ற பெயர் இருந்தாலும் பழைய கோட்டைக்கு அடையாளமாக உருண்டையான ஆவணக் கோபுரம் ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கிறது. மற்றவை எல்லாம் வரிசையான சன்னல்கள் வைத்த செங்கல் கட்டடங்கள். வைசிராய் உட்கார்ந்து ஆண்ட இடம்.

மதியத்துக்குமேல் சர் ரால்ஃப் ஆபர்குரோம்பியோடு இருந்தேன். 1797 கடைசியில் அயர்லாந்துப் படைகளின் தலைமைத் தளபதியாக வந்த ஸ்காட்லாந்துக்காரர். இந்தப் பயணத்தில் நான் பார்க்கப்போகும் ஊர்களின் கதை எல்லாவற்றுக்கும் முன்னால் இவருடைய கதையை வைக்க வேண்டும்.

படை ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு நிலப்பிரபுவும் தன் மாளிகைக்குக் காவலாக ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சிப்பாய்கள் வீடுகளைக் கொளுத்தினார்கள், அகப்பட்டவர்களைச் சாட்டையால் அடித்தார்கள். அதற்கு உத்தரவும் இருந்தது. 1797 மே மாதமே வைசிராய் கேம்டன் பிரபு, மாஜிஸ்திரேட்டின் அனுமதிக்குக் காத்திருக்காமல் படை நடவடிக்கை எடுக்கலாம் என்று திறந்துவிட்டிருந்தார்.

1798 பிப்ரவரி 26 அன்று ஆபர்குரோம்பி ஒரு பொது ஆணை வெளியிட்டார். படை ஒழுங்கு கெட்டுப்போய், எதிரியைத் தவிர மற்ற அனைவரும் அஞ்சவேண்டியதாக இருக்கிறது என்று அதில் பச்சையாக எழுதிவிட்டார். தாக்கப்பட்டால் ஒழிய, மாஜிஸ்திரேட் உடனில்லாமல் சிப்பாய்கள் செயல்படக் கூடாது என்ற பழைய விதியையும் நினைவூட்டினார். அதாவது வைசிராய் அவிழ்த்துவிட்ட கட்டைத் தளபதி திரும்பக் கட்டினார்.

பிறகு கேட்க வேண்டுமா? கோட்டையில் செல்வாக்குப் பெற்றிருந்த அயர்லாந்துப் பிரபுக்கள், குறிப்பாக நீதித்துறைத் தலைவரான கிளேர் பிரபு, கொதித்தெழுந்தார்கள். லண்டனில் உள்துறை அமைச்சர் போர்ட்லண்ட் பிரபுவுக்கும் கேம்டனுக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. அந்த ஆணை சொன்னது பொய் என்று எவராலும் வாதிட முடியவில்லை. அதை வெளியில் சொன்னதுதான் குற்றம். எதிர்க்கட்சிக்காரர்கள் நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேசுவார்கள், பிரெஞ்சுக்காரர்கள் படித்துச் சிரிப்பார்கள். ஆபர்குரோம்பி பதவி விலகினார். ஆனால் பொறுப்பைக் கைமாற்றும் வரை, நாடு கலக நிலையில் இருப்பதாக மார்ச் 30 அன்று வந்த அறிவிப்பை நிறைவேற்றும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. ஏப்ரலில் அவருடைய இடத்துக்கு வந்தவர் லேக்.

எழுத்தில் ஒழுங்கைக் கேட்டவர் வெளியே, அச்சுறுத்தல் ஒன்றே மருந்து என்று எழுதியவர் உள்ளே. படைக்காரர்களின் கொடுமையைக் குடிமை அதிகாரிகள் தடுத்திருப்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் நான் இங்கே வந்தேன். கோப்பு வேறுவிதமாகப் போகிறது.

புதன், கில்டேர்

ஹூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் கில்டேர். ஊரை ஒட்டிக் கர்ரா சமவெளி விரிகிறது. வேலியில்லாத புல்வெளி, அதில் ஆடுகள், தொலைவில் குதிரைப் பந்தயத் திடல், இன்னொரு பக்கம் ராணுவ முகாம். அடிக்கிற காற்றில் குடையைப் பிடிப்பதே பெரும்பாடு.

1798 மே 23 இரவு கலகம் தொடங்கியதற்கு அடையாளம் தபால் வண்டிகள்தாம். டப்ளினிலிருந்து புறப்படும் வண்டிகளை வழியில் நிறுத்திவிட வேண்டும், வண்டி வந்துசேராத ஊர்கள் எல்லாம் எழ வேண்டும் என்பது ஏற்பாடு. தலைநகரில் எழுச்சி முளையிலேயே கிள்ளப்பட்டது. தலைவர்களில் பலர் மார்ச்சிலேயே ஆலிவர் பாண்டின் வீட்டில் பிடிபட்டிருந்தனர். படைத்தலைவராக எண்ணியிருந்த எட்வர்டு ஃபிட்ஜெரால்டு பிரபு மே 19 அன்று காயத்தோடு கைதாகி, ஜூன் 4 அன்று சிறையில் இறந்தார். ஆனால் தபால் வண்டிகள் சில நின்றன, கில்டேர் எழுந்தது.

சில நாட்களிலேயே இங்குள்ள கலகக்காரர்கள் தளர்ந்து சரணடைய முன்வந்தார்கள். ஜெனரல் டண்டாஸ் ஒரு கூட்டத்தைச் சந்தித்து, ஆயுதங்களை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். இதற்காக டப்ளினில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மே 29 அன்று இன்னொரு கூட்டம் அதே நம்பிக்கையில் இந்தச் சமவெளியில் கிப்பட் ராத் என்ற பழைய மண்மேட்டில் கூடியது. லிமெரிக்கிலிருந்து படையோடு வந்துகொண்டிருந்த சர் ஜேம்ஸ் டஃப் அங்கே வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே மொனாஸ்டெரெவினிலிருந்து டஃப் எழுதிய கடிதம் இருக்கிறது. ஆயுதத்தைப் போட்டால் தீங்கு வராது என்று சொல்லி ஆளனுப்பினேன், கெடுவாய்ப்பாகச் சிலர் எங்கள்மீது சுட்டுவிட்டார்கள், அதன்பிறகு படையின் சீற்றத்தை எதுவும் நிறுத்த முடியவில்லை, இருநூறு முந்நூறு பேர் இறந்திருக்கலாம் என்கிறார். உள்ளூர்க் கணக்கு ஏறத்தாழ 350. சரணடைய வந்தவர்களில் ஒருவர் தம் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டுக் காலிசெய்தார், அதுவே சாக்காகிவிட்டது என்பது ஊர் வழக்கு.

கடிதத்தின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். தளபதி ஆளனுப்பினார், கலகக்காரர்கள் சுட்டார்கள், படைக்குக் கோபம் வந்தது. 'நிறுத்து' என்று தளபதி சொன்னாரா இல்லையா என்பது அதில் இல்லை. துப்பாக்கிச்சூட்டு அறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன், எல்லாம் இதே வார்ப்பு.

வியாழன், என்னிஸ்கார்தி, வெக்ஸ்ஃபோர்டு

கானலி நிலையத்திலிருந்து தெற்கே போகும் ரயில், பிரே ஊரைத் தாண்டியதும் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு ஓடுகிறது. இந்தப் பயணத்தின் அழகான அரைமணி நேரம் இதுதான். பிறகு விக்லோ, ஆர்க்லோ, கோரி. ஜூன் 9 அன்று கலகப்படை டப்ளினை நோக்கி வரும்போது தடுத்து நிறுத்தப்பட்ட இடம் ஆர்க்லோ.

வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் நடந்தது கலகம் அல்ல, முழுப் போர். மே 26 அன்று பூலவோக் ஊரில் பாதிரியார் ஜான் மர்ஃபியின் தலைமையில் எழுந்தவர்கள், நான்கைந்து நாட்களில் என்னிஸ்கார்தியையும் வெக்ஸ்ஃபோர்டு நகரத்தையும் பிடித்துவிட்டார்கள். கையில் பெரும்பாலும் ஈட்டிகள். ஜூன் 21 அன்று வினிகர் குன்றில் லேக்கின் பீரங்கிகள் அவர்களை முறியடித்தன. உச்சியில் காற்றாலையின் அடிக்கட்டு இன்னும் நிற்கிறது. கீழே ஸ்லேனி ஆறும் ஊரும் தெளிவாகத் தெரிகின்றன. மேலிருந்து பார்த்தால் இதைச் சுற்றி வளைப்பது எவ்வளவு எளிது என்பது புரிகிறது. அரசுத் தரப்பு ஜெனரல் நீடமின் படை நேரத்துக்கு வராததால் ஒரு பக்கம் திறந்துகிடந்தது, பல்லாயிரம் பேர் அதன்வழியே தப்பினார்கள்.

அன்று லேக் காசல்ரே பிரபுவுக்கு எழுதினார். கேம்டனிடம் தலைமைச் செயலாளர் வேலையைப் பார்த்துவந்த இளைஞர் காசல்ரே. வெற்றிச் செய்தியோடு இன்னொன்றும் அதில் வருகிறது: கலகக்காரன் என்று தோன்றும் எவரையும் அழித்துவிடத் துடிக்கிறார்கள் சிப்பாய்கள், அந்த வெறி சொல்லில் அடங்காது, அதைத் திருத்தியாக வேண்டும். எழுதுபவர் லேக்! அதே நாளில் என்னிஸ்கார்தியில் கலகக்காரர்களின் மருத்துவமனையாக இருந்த கட்டடம் உள்ளே கிடந்த காயம்பட்டவர்களோடு எரிக்கப்பட்டது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. ஜூன் 5 அன்று ஸ்கல்லபோக்கில் கலகக்காரர்கள் ஒரு களஞ்சியத்துக்குத் தீ வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஜூன் 20 அன்று வெக்ஸ்ஃபோர்டுப் பாலத்தில் கைதிகளை ஈட்டியால் குத்தி ஆற்றில் தள்ளினார்கள்.

மாலையில் அந்த வெக்ஸ்ஃபோர்டில் இறங்கினேன். ஊர் நடுவே புல்ரிங் சதுக்கத்தில் ஆலிவர் ஷெப்பர்டு வடித்த ஈட்டிக்காரன் சிலை. இங்கேதான் கடிதப் போக்குவரத்தின் கடைசி முயற்சி ஒன்று நடந்தது. கலகக்காரர்கள் தங்கள் கைதியான கிங்ஸ்பரோ பிரபுவிடமே நகரத்தை ஒப்படைத்து, உயிருக்கும் உடைமைக்கும் உறுதி கேட்டு லேக்கிடம் தூது அனுப்பினார்கள். ஜூன் 22 தேதியிட்டு என்னிஸ்கார்தியிலிருந்து பதில் வந்தது. அரசருக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களின் நிபந்தனைகளைக் கேட்க முடியாது, தலைவர்களை ஒப்படைத்தால் ஏமாற்றப்பட்ட சாதாரண மக்களுக்கு மன்னிப்பு உண்டு. கீழே மாஜிஸ்திரேட்டும் இல்லை, மேலே கோட்டையின் ஒப்புதலும் இல்லை. குடிமை அதிகாரம் முழுவதையும் ஒரு தளபதி ஒற்றைத் தாளில் கையில் எடுத்துக்கொண்டார். கலகத் தலைவர்களான பேகனல் ஹார்வி, கார்னீலியஸ் குரோகன், மாத்யூ கியூ ஆகியோர் ஜூன் முடிவதற்குள் அந்தப் பாலத்திலேயே தூக்கிலிடப்பட்டார்கள்.

வெள்ளி, கிளான்மெல்

வெக்ஸ்ஃபோர்டிலிருந்து வாட்டர்ஃபோர்டுக்கு பஸ், அங்கிருந்து ரயில். இந்த வழித்தடத்தில் ரயில்கள் மிகக் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விடும். மழை வேறு. ஊரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஷூர் ஆறு, மேற்கு வாயில், மெயின் கார்டு என்ற பழைய நீதிமன்றக் கட்டடம், நல்ல சூப்.

ஆனால் கிளான்மெலுக்கு வராமல் இருக்க என்னால் முடியாது. திப்பரரி மாவட்டத்தின் ஷெரீப் தாமஸ் ஜட்கின் ஃபிட்ஜெரால்டு இங்கே ஒரு பிரெஞ்சு மொழி ஆசிரியரைச் சாட்டையால் அடிக்கவைத்தார். பெர்னார்டு ரைட் என்பது அவர் பெயர். அவருடைய சட்டைப்பையில் பிரெஞ்சில் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. ஷெரீப்புக்குப் பிரெஞ்சு தெரியாது. அது போதுமான சாட்சியமாக அவருக்குத் தோன்றியது. மேஜர் ரியல் என்ற படை அதிகாரி வந்து சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்தார். சந்திப்புக்கு வர இயலாது என்று ஒருவர் வருத்தம் தெரிவிக்கும் செய்தி, அவ்வளவுதான் என்றார். அடி நிற்கவில்லை.

தடுக்க வந்தவர் படைக்காரர். அடிக்கவைத்தவர் குடிமை அதிகாரி, என்னைப் போன்றவர். 1799இல் ரைட் வழக்குத் தொடர்ந்து 500 பவுண்டு இழப்பீடு பெற்றார். கலகத்தை அடக்குவதற்காக அதிகாரிகள் செய்தவற்றுக்குப் பொறுப்பு விலக்கு அளிக்கும் சட்டத்தை அயர்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஷெரீப்புக்கு 1801இல் பாரனெட் பட்டம் கொடுக்கப்பட்டது.

சனி, ரயிலில்

டப்ளின் திரும்பும் வழியில் காரன்வாலிஸின் கடிதங்களைப் படித்துக்கொண்டு வந்தேன். 1859இல் மூன்று தொகுதிகளாக அச்சானவை. ஆம், திப்புவின் பிள்ளைகளைப் பிணையாக வாங்கிய அதே காரன்வாலிஸ். அந்தக் காட்சியைப் பீடத்தில் செதுக்கிய அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1798 ஜூன் 20 அன்று அவர் டப்ளினில் வந்து இறங்கினார், வைசிராயாகவும் தலைமைத் தளபதியாகவும். குடிமையும் படையும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டிருந்தது போதும், இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்காரட்டும் என்பது லண்டனின் முடிவு.

ஜூன் 28 அன்றே போர்ட்லண்டுக்கு அவர் எழுதுகிறார்: மோதல்களில் இறந்த எதிரிகள் என்று வரும் எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை, போர்க்களத்துக்குப் பல மைல் சுற்றளவில் பழுப்பு நிறக் கோட்டுப் போட்டவன் எவன் அகப்பட்டாலும் வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று அஞ்சுகிறேன். ஜூலையில் நண்பர் ராஸுக்கு எழுதும்போது, தம் சாப்பாட்டு மேசையிலேயே பேச்சு தூக்கிலும் சூட்டிலும் கொளுத்தலிலுமே போய் நிற்கிறது, ஒரு பாதிரியார் கொல்லப்பட்டார் என்றால் மொத்தக் கூட்டமும் மகிழ்கிறது என்று நொந்துகொள்கிறார். இந்தியாவில் அவர் ஆடாத ஆட்டமில்லை. அப்படிப்பட்டவருக்கே குமட்டியிருக்கிறது.

அக்டோபரில் விக்லோவைச் சேர்ந்த ஹியூ வோலகன் என்ற தன்னார்வப் படைவீரன் ஒருவன், வீடு புகுந்து ஓர் இளைஞனைச் சுட்டுக் கொன்ற வழக்கு வந்தது. கொன்றது உண்மை, ஆனால் மேலதிகாரிகளின் உத்தரவுப்படி செய்தான் என்று வாதம். எனிஸ்கிலன் பிரபு தலைமையிலான ராணுவ நீதிமன்றம் விடுதலை செய்தது. தெளிவான சாட்சியம் இருந்தும் கொடூரமான கொலையை விட்டுவிட்டார்கள் என்று காரன்வாலிஸ் கண்டித்து ஜெனரல் கிரெய்குக்குக் கடிதம் அனுப்பினார். வோலகன் படையிலிருந்து நீக்கப்பட்டான், அந்த நீதிமன்றம் கலைக்கப்பட்டது, எனிஸ்கிலனும் மற்றவர்களும் புதியதில் இடம்பெறக் கூடாது என்றும் உத்தரவு. டப்ளின் மேட்டுக்குடியினர் காரன்வாலிஸை அதற்குமேல் மன்னிக்கவில்லை.

1806 வேலூர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அப்போது சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த சர் ஜான் கிரடாக், 1798இல் அயர்லாந்தில் பணியாற்றியவர். தலைப்பாகை உத்தரவுக்கு யார் பொறுப்பு என்று அவரும் கவர்னர் பெண்டிங்கும் மாறி மாறி எழுதினார்கள். இருவருமே திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

ஞாயிறு, டப்ளின்

காலின்ஸ் பாரக்ஸ் இப்போது தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. 1798இல் அரச படைமுகாம். நவம்பர் 10 அன்று இங்கே உல்ஃப் டோன் ராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார். ஐக்கிய அயர்லாந்தியரை உருவாக்கியவர்களில் ஒருவர், பிரெஞ்சு அதிகாரி உடையில் கடலில் பிடிபட்டவர். சுட்டுக் கொல்லுங்கள் என்று அவர் கேட்டதைக் காரன்வாலிஸ் மறுத்தார். தூக்குத்தான் என்றானது.

நவம்பர் 12 காலை வழக்கறிஞர் கரன், ஃபோர் கோர்ட்ஸில் தலைமை நீதிபதி கில்வார்டன் பிரபுவின் முன் எழுந்தார். டோன் பிரிட்டிஷ் படையில் எந்தப் பதவியும் வகிக்கவில்லை, அரச நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கும்போது ராணுவ நீதிமன்றத்துக்கு அவர்மீது அதிகாரமில்லை என்று வாதிட்டு ஆட்கொணர்வு மனு போட்டார். ஆணை எழுதி முடிப்பதற்குள் என் கட்சிக்காரர் இறந்துவிடக்கூடும் என்றார். உடனே முகாமுக்குப் போய்த் தண்டனையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கில்வார்டன் ஷெரீப்பை அனுப்பினார்.

அந்த வழியை இன்று நடந்து பார்த்தேன். ஆற்றங்கரையோடு பதினைந்து நிமிடம். ஷெரீப் போய்வந்து சொன்ன பதில் இது: சிறைப் பொறுப்பதிகாரி தம் மேலதிகாரி மேஜர் சாண்டிஸின் உத்தரவுக்குத்தான் கட்டுப்படுவாராம், சாண்டிஸ் காரன்வாலிஸின் உத்தரவுக்குத்தான் கட்டுப்படுவாராம். நீதிமன்ற ஆணைக்குப் பணிய ஜெனரல் கிரெய்கும் மறுத்துவிட்டதாக அடுத்த செய்தி. ஒரு மாதத்துக்கு முன் எந்தக் கிரெய்குக்கு அந்தக் கண்டனக் கடிதம் போனதோ, அதே கிரெய்க். கில்வார்டன் அசரவில்லை. டோனை உங்கள் பொறுப்பில் எடுங்கள், சிறை அதிகாரியையும் சாண்டிஸையும் கைது செய்யுங்கள், ஆணையைக் கிரெய்கிடம் காட்டுங்கள் என்றார். ஷெரீப் மறுபடியும் போனார். உள்ளே விடவில்லை. டோன் முந்தைய இரவே தம் கழுத்தை அறுத்துக்கொண்டார் என்ற செய்திதான் கிடைத்தது. நவம்பர் 19 அன்று அவர் இறந்தார்.

இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்தார். ஷெரீப் கொண்டுபோன ஆணை வாசலைத் தாண்டவில்லை. இந்த வாரம் நான் படித்தவற்றில் குடிமை அதிகாரம் தன் வேலையைச் செய்த இடம் இது ஒன்றுதான், அதையும் செய்தவர் கோட்டைக்காரர் அல்ல.

பாலத்தைக் கடந்து தாமஸ் வீதிக்கு ஏறினேன். 1803 ஜூலை 23 அன்று ராபர்ட் எம்மெட்டின் கலகத்தின்போது இந்த வீதியில் கூட்டம் ஒரு வண்டியை மறித்து, உள்ளே இருந்தவரை இழுத்துப்போட்டு ஈட்டியால் குத்திக் கொன்றது. இறந்தவர் கில்வார்டன். சட்டப்படி விசாரிக்காமல் என் சாவுக்காக யாரையும் தண்டிக்காதீர்கள் என்று உயிர் போகும் நேரத்தில் சொன்னதாகக் கூறுகிறார்கள்.

எம்மெட் பிடிபட்டபோது ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பப்படவில்லை. செப்டம்பர் 19 அன்று முறைப்படி நீதிபதி, ஜூரி, வழக்கறிஞர் எல்லாம் வைத்து விசாரித்தார்கள். மறுநாள் இதே வீதியில் புனித கேத்தரின் ஆலயத்தின் முன் தூக்கு. அவருக்காக வாதாட வந்தவர் லெனர்டு மெக்னலி, ஐக்கிய அயர்லாந்தியருக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடி நம்பிக்கை பெற்றவர். ஜே.டபிள்யூ. என்ற கையொப்பத்தில் கோட்டைக்கு ஒற்றுக் கடிதங்கள் எழுதிவந்தவரும் அவரே. எம்மெட்டுக்கு வாதாடியபோதும் அரசின் பணம் அவருக்குப் போனது. 1820இல் அவர் இறக்கும் வரை வெளியுலகுக்குத் தெரியாது. ஆண்டுக்கு 300 பவுண்டு ரகசிய ஓய்வூதியத்தைத் தொடர்ந்து வழங்குமாறு வாரிசு அரசிடம் விண்ணப்பித்தபோதுதான் விவரம் வெளியே வந்தது.